சிவப்புக் கொடிக்கு விடுப்பு இல்லை

"நான் சொல்றதை முழுசாக் கேளுக்கா..."

"போன வருஷமும் இதே 'முழுசாக் கேளு'தான், அதுக்கு முந்தின வருஷமும்..."

"இந்த வருஷம் அப்படி இல்லக்கா, ஆபீஸ்லயே..."

"ஆபீஸ்! எனக்கு ஒரு கண்ணு பாதி மறைஞ்சு போச்சு. நேத்து உப்புன்னு நினைச்சு சோப்புத் தூளை அள்ளிட்டேன். நீ ஆபீஸ்ங்கற..."

"அதைத்தான் சொல்ல வர்றேன். ஆபீஸ்லயே எல்லாரும் லீவு எடுத்தே ஆகணும்னு..."

"எடுத்தே ஆகணுமா?"

"ஆமாக்கா. கட்டாயம்."

தொலைபேசியின் மறுமுனையில் அக்காவின் குரல் அப்போதுதான் தணிந்தது.

"யாருடா கட்டாயப்படுத்தறா?"

"தனியா ஒரு பிரிவே போட்டிருக்காங்க. ஓய்வுப் பிரிவு."

"ஓய்வுக்கு ஒரு பிரிவா? அங்க இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"வேலைதான்."

"நல்லா இருக்குடா கதை," என்றாள் அக்கா. "நீ வந்து நின்னப்புறம் நம்பறேன். ஸ்கூல் லீவு விட்டதும் வர்ற புதன்கிழமை காலைல ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ இங்க இருக்கணும். கண்ணைக் கட்டினா ஒரு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாவைப் புரட்டிப் போட ஆள் வேணும். ரெண்டு தடவை உன்னால தள்ளிப் போட்டாச்சு. இந்தத் தடவையும் தள்ளினா ஸ்கூல்ல என்னை வெச்சிருக்க மாட்டாங்க. ஊசியில நூல் கோக்க முடியாத தையல் டீச்சர் எதுக்குன்னு நேராவே கேட்டுட்டாங்க."

"வர்றேன்கா. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். நீ வா, போதும்."

அக்காவின் கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவர். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய் வெகுகாலமாகிறது. அன்றிலிருந்து புரட்டுவதும் துடைப்பதும் ஊட்டுவதும் அக்காவே. தம்பி கல்யாணம் காட்சி இல்லாதவர், வேறு ஊரில் ஒற்றை அறையில் இருப்பவர். ஆண்டிறுதியில் பள்ளிக்கூடம் மூடுகிற அந்த ஒரு வாரம் மட்டும் வந்தால் போதும் என்பதுதான் அக்கா அவரிடம் கேட்டது. வேறொன்றும் கேட்டதில்லை.

தம்பியை அலுவலகத்தில் படக்காரர் என்பார்கள். அந்த நிறுவனம் எந்த இயந்திரத்தையும் செய்வதில்லை. பிறர் செய்த இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று சொல்கிற கையேடுகளைத்தான் தயாரித்தது. பெட்டியைத் திறந்ததும் மேலாகக் கிடக்குமே, ஓரமாக எறிந்துவிட்டு, இயந்திரம் பழுதான பிறகு வீடு முழுக்கத் தேடுவோமே, அந்தச் சின்னப் புத்தகம்தான். அதில் வருகிற கைகளை வரைவது படக்காரரின் வேலை. திருகாணியைத் திருகுகிற கை, மூடியைத் திறக்கிற கை, செருகியைப் பிடுங்குகிற கை. முகம் வரையச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை.

பக்கத்து மேஜை எச்சரிக்கை மேடத்தினுடையது. கையேட்டில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டு வருகிற வாசகங்களை எல்லாம் அவர்தான் எழுதுவார். தொழில் நாக்கிலும் ஏறியிருந்தது. "அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஆடும்." "டீயை அப்படியே வாயில வெக்காதீங்க." அவர் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும்.

ஓய்வுப் பிரிவின் தொடக்கக் கூட்டம் சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது. வேலை நேரத்தில் ஓய்வைப் பற்றிப் பேசினால் வேலை கெடும் அல்லவா?

பிரிவுக்குத் தலைவராக வந்தவர் அதற்கு முன்பு அவசரப் பிரிவின் தலைவராக இருந்தார். அங்கே அவர் பொறுப்பேற்ற பிறகு எல்லா அவசரமும் தாமதமானது. இவருக்கு ஓய்வில் இயற்கையாகவே நாட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்து மேலிடம் அவரை இங்கே மாற்றியிருந்தது.

"நண்பர்களே," என்று தொடங்கினார் ஓய்வுத் தலைவர். "போன ஆண்டிறுதியில என்ன ஆச்சு? ஆளாளுக்கு லீவு கேட்டாங்க. சில பேர் எடுத்தும் போனாங்க. போனவங்க சந்தோஷமாத் திரும்பி வந்தாங்க. அந்தச் சந்தோஷத்துக்கு யாரு பொறுப்புன்னு விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியல. இனிமே அப்படி நடக்காது."

கை தட்டினார்கள்.

"ஓய்வுங்கறது வேலைக்கு எதிரி இல்ல. வேலைக்குக் கீழே இருக்கற ஒரு சிப்பந்தி. கூப்பிட்டா வரணும், போன்னா போகணும். இதை நான் வெறும் வாயால சொல்லல. இந்தத் திட்டத்துக்காக மாசக்கணக்கா ஞாயித்துக்கிழமைகூட வீட்டுக்குப் போகல. கடைசியாப் போனப்போ எம் பையன் அவங்கம்மாகிட்ட 'யாரு வந்திருக்கா'ன்னு கேட்டான். அந்த அளவுக்கு என்னை ஓய்வுக்கு அர்ப்பணிச்சிருக்கேன்."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மேஜையில் நட்டு வைக்கிற சின்னத் துணிக் கொடிகள் இருந்தன.

"கையில வேலை குறைவா இருக்கறவருக்குப் பச்சை. மிதமா இருந்தா மஞ்சள். அதிகமா இருந்தா சிவப்பு. நானே சுத்தி வந்து பாத்து நடுவேன். பச்சை இருக்கறவர் அந்த நிமிஷமே லீவுல கிளம்பலாம், என்னைக் கேக்கவே வேண்டாம். சிவப்பு இருக்கறவருக்கு லீவு கிடையாது. ஏன்? வேலை பாக்கி வெச்சுட்டுப் போனா மனசு இங்கயேதான் கிடக்கும். அது ஓய்வு ஆகாது. வெறும் வராமை."

'வெறும் வராமை' என்ற சொல்லைப் பலரும் குறித்துக்கொண்டார்கள்.

"அப்போ சிவப்பு இருக்கறவங்க கதி?" என்றார் எச்சரிக்கை மேடம்.

"அவங்க சுமையை யாருகிட்ட குறைவா இருக்கோ அவங்ககிட்ட மாத்தி விடுவோம். இதுக்குப் பேருதான் சமன்."

"எல்லாரும் போயிட்டா சலவை இயந்திரக் கையேட்டை யாரு முடிக்கறது? புது வருஷம் பிறந்ததும் இயந்திரம் கடைக்குப் போகுதே."

"அருமையான கேள்வி. கெடுவும் மாறாது. லீவும் மாறாது. மாறவேண்டியது நம்ம மனப்பான்மை."

மனப்பான்மையை மாற்றுவதற்காக மறுநாளிலிருந்து காலைதோறும் சுமை இறக்கும் கூட்டம் நடந்தது. எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தன்மேல் இருக்கிற வேலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் சேர்ந்து பெருமூச்சு விட வேண்டும். வட்டம் ஒரு சுற்று முடிவதற்குள் தேநீர் வந்துவிடும். கூட்டத்தில் போன நேரத்துக்கு வேலை தங்கும், தங்கியவர்களுக்குக் கொடி சிவக்கும், சிவந்தவர்களுக்கு மாலையில் சிறப்புச் சுமை இறக்கும் கூட்டம் உண்டு. மஞ்சளாக உள்ளே போனவர்கள்கூட சிவப்பாக வெளியே வந்தார்கள்.

இது போதாதென்று பிற்பகலில் கட்டாய ஓய்வு மணி ஒன்று இருந்தது. தலைவர் கைமணியை ஆட்டினால் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய வேண்டும். படக்காரருக்குச் சாய்ந்தால் அக்காவின் கண் நினைவுக்கு வந்தது. ஒருநாள் வரைபலகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காகிதக் கிடங்குக்கு நழுவினார். உள்ளே ஏற்கனவே ஐந்தாறு பேர் தரையில் குந்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கதவைச் சாத்துங்க, வெளிச்சம் தெரியுது," என்று யாரோ சீறினார்.

தலைவர் கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே அதிகம்.

"திருட்டுத்தனமா வேலை பாக்கறீங்களா? உங்களை எல்லாம் நான் எவ்வளவு நம்பினேன்!"

"கெடு இருக்கு சார்," என்றார் படக்காரர்.

"கெடு எங்கயும் ஓடிப் போகாது. உடம்பு போயிட்டா வருமா? எல்லாரும் வெளிய வாங்க. தண்டனையா இன்னும் ஒரு மணி நேரம் ஓய்வு."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. ஆனால் படக்காரர் சளைக்கவில்லை. தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். பேருந்தில் வரைந்தார், முடிதிருத்தும் கடையில் முறை வரும்வரை வரைந்தார். அக்காவின் ஆபரேஷனுக்கு முந்திய வாரத்தின் தொடக்கத்தில் சலவை இயந்திரத்துக்கு வேண்டிய கைகளெல்லாம் முடிந்துவிட்டன. மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டைவிரல், பட்டனை அமுக்குகிற கட்டைவிரல். அதை எச்சரிக்கை மேடம் தானே முன்வந்து வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் கொஞ்சம் வரைந்து பழகியவராம்.

தலைவர் வந்து பார்த்தார். படக்காரரின் மேஜையில் பச்சைக் கொடியை நட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

"பச்சை வந்தாச்சு," என்றார் எச்சரிக்கை மேடம், தன் சிவப்புக் கொடிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமலே. "பையை எடுங்க. படியிறங்குங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"அப்படியேவா போறது? கட்டைவிரலை எப்படி வரையணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"வேண்டாம். இது எச்சரிக்கை."

"ஒரு நிமிஷம்தான் மேடம். பட்டனை அமுக்கறப்போ நகம் வெளுக்கணும். வெளுக்கலைன்னா விரலைச் சும்மா வெச்சிருக்கறதா நினைச்சு, ஜனங்களும் சும்மா வெச்சுட்டு நிப்பாங்க. இங்க பாருங்க, நிழலை இப்படி..."

அந்த நகத்தில்தான் எல்லாம் கெட்டது. நிழல் போட்டு முடிப்பதற்குள் தலைவர் திரும்பி வந்துவிட்டார். வாசலிலேயே நின்று இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஆகா! நான் கனவு கண்ட காட்சி. சிவப்புக்குப் பக்கத்துல பச்சை!"

"சார், நான் கிளம்பிட்டே இருக்கேன்..."

"கிளம்பினவர் எப்படிங்க இங்க நிப்பாரு?"

எச்சரிக்கை மேடத்தின் சுமை முழுவதும் படக்காரரின் மேஜைக்கு மாறியது. எழுதாத எச்சரிக்கைகள், திருத்தாத எச்சரிக்கைகள், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய எச்சரிக்கைகள், அவற்றோடு படக்காரர் கொடுத்திருந்த கட்டைவிரலும் அவரிடமே வந்து சேர்ந்தன. கொடி மாறியது. எச்சரிக்கை மேடத்துக்குப் பச்சை.

"சொன்னேன்ல?" என்றார் அவர், கைப்பையைத் தோளில் மாட்டியபடி. "மன்னிச்சுக்குங்க. எம் பொண்ணு ஸ்டேஷன்ல காத்துட்டிருக்கா."

'படிகளில் ஓடாதீர்' என்று பதினெட்டுக் கையேடுகளில் எழுதியவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிப் போனார்.

செய்தி பரவியது. சுமையை இறக்க ஒரு முதுகு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அலுவலகம் சும்மா இருக்குமா? ஆனால் படக்காரரின் கொடியும் சிவப்பாயிற்றே, சிவப்பிலிருந்து சிவப்புக்கு எப்படி மாற்றுவது என்று ஒரு கேள்வி எழுந்தது. தலைவர் கண்ணை மூடி யோசித்தார்.

"சிவப்புலயே யாரு கடைசியாச் சிவந்தாரோ, அவருகிட்ட இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். அவருக்குக் குடுங்க."

சுமை வருகிற ஒவ்வொரு முறையும் படக்காரருக்குப் புதுச் சிவப்புக் கொடி நடப்பட்டது. ஆகவே கடைசியாகச் சிவந்தவர் எப்போதும் அவராகவே இருந்தார். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பதை ஒரு விதிமுறையாகவே ஆக்க முடியும் என்று அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அச்சுக் கோர்ப்பவர் வந்தார். "தம்பி, எனக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கான். அடுத்த வருஷம் உங்களுக்கு நான் பண்றேன்." மொழிபெயர்ப்பாளர் வந்தார். "நாலே மொழிதான். அகராதியும் இதோ வெச்சிருக்கேன்." வாடிக்கையாளர் தொலைபேசியை எடுப்பவர் வந்து தொலைபேசியையே மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் பச்சையானார்கள், பச்சையான நிமிடமே படியிறங்கினார்கள். யாரும் நின்று எதையும் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"கொடி மாறணும்கா."

"என்ன மாறணும்?"

"கொடி. சிவப்பா இருக்கு. பச்சையானதும் கிளம்பிடுவேன்."

"ஏண்டா, நீ ஆபீஸ்ல வேலை பாக்கறியா, ரயில்ல கார்டா இருக்கியா?"

"இல்லக்கா, இங்க ஒரு முறை இருக்கு. நான் ஒரு தடவை பச்சை ஆனேன்..."

"ஆனப்போ ஏன் கிளம்பல?"

"ஒரு நகத்தை விளக்கிட்டு இருந்தேன்."

"அம்மா தண்ணி கேக்கறாங்க, வெக்கறேன்," என்று அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அலுவலகத்தில் படக்காரரும் ஓய்வுத் தலைவரும் மட்டுமே இருந்தார்கள். தலைவர் தன் மேஜையில் தானே நட்டுக்கொண்ட சிவப்புக் கொடியைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் ஓய்வுக்கு அனுப்பினேன். என்னை அனுப்ப யாரு இருக்கா?" என்றார்.

படக்காரருக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் முகத்தில் தெரிந்துவிட்டது.

"நீங்க இப்படிப் பாப்பீங்கன்னு நான் எதிர்பாக்கல," என்று தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்தார். "உங்களை மாதிரி ஒரு ஊழியர் கிடைச்சா எந்தத் திட்டமும் ஜெயிக்கும். கொடிப் பெட்டி, கைமணி, லீவு குடுக்கற அதிகாரம், எல்லாம் இனிமே உங்க பொறுப்பு. காலைக் கூட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க. ஒருநாள் விட்டா பழக்கம் போயிடும்."

"சார், எனக்குச் செவ்வாய்க்கிழமைக்குள்ள ஊருக்குப் போகணும். அக்காவுக்குக் கண் ஆபரேஷன்."

"அடடா! கண்ணு முக்கியமாச்சே. கண்டிப்பா லீவு கேளுங்க. தகுந்த அதிகாரிகிட்ட எழுதிக் குடுங்க, பரிசீலிப்பாரு."

"தகுந்த அதிகாரி?"

"இப்போ அது நீங்கதானே!" என்று முதுகில் தட்டிவிட்டு ஓய்வுத் தலைவர் பச்சைக் கொடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். மகன் இனிமேலாவது அடையாளம் கண்டுகொண்டால் சரி.

அன்று பிற்பகல் இயக்குநர் வந்தார். அவரைப் படக்காரர் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தார். இயக்குநர் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இவ்வளவு அமைதியான ஆண்டிறுதியை நான் பாத்ததே இல்ல. ஒரு சச்சரவு இல்ல, ஒரு புகார் இல்ல. அணின்னா இப்படி இருக்கணும். மத்தவங்க எங்க?"

"லீவுல சார்."

"வேலை?"

"எங்கிட்ட சார்."

"பிரமாதம்! அப்போ எதுவும் நிக்கல. பாருங்க, எனக்கு இருக்கறது ஒரே ஒரு வேலைதான். முடிவெடுக்கறது. அதையும் நீங்க கொஞ்சம் பாத்துக்கிட்டா, குடும்பத்தோட நாலு நாள் எங்கயாவது போயிட்டு வந்துடுவேன்."

"என்ன முடிவு சார் எடுக்கணும்?"

"அதை முடிவு பண்றதும் அதுல அடக்கம்," என்றார் இயக்குநர்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று படக்காரர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறும் அவர் வந்தார். நான்கு மொழிகளில் ஏதோ எழுதினார். எச்சரிக்கைகளை எழுதினார். தொழில் புதிது என்பதால் மனதில் பட்டதையே எழுதினார். "எச்சரிக்கை: பச்சை விளக்கு எரிந்ததும் உடனே விலகிவிடவும். எதையும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்." சலவை இயந்திரத்துக்கு இது பொருந்துமா என்று ஒரு ஐயம் வந்தது. முடிவெடுக்கும் அதிகாரி என்ற முறையில் பொருந்தும் என்று முடிவெடுத்தார்.

திங்கட்கிழமை காலை கூட்டத்துக்கு நேரமானதும் மணியடித்தார். வட்டமாக நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் எப்படி வட்டமாக நிற்பது? நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றி வந்தார். அச்சுக் கோர்ப்பவரின் சுமையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். மொழிபெயர்ப்பாளரின் சுமையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். பிறகு தலைவரின் இடத்தில் போய் நின்று, "நல்ல பகிர்வு, நன்றி," என்றார்.

வாசற்காவலர் எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்ட சார் பேசறீங்க?"

"கூட்டம் நடக்குது."

"ஓ, தெரியாம வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க," என்று காவலர் அங்கிருந்த காலி நாற்காலிகளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். படக்காரருக்கு அது மரியாதையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் விடுப்புக் கேட்டு எழுதினார். தன் மேஜையில் உட்கார்ந்து, பணிவாக, அக்காவின் கண், அம்மாவின் நிலை, தையல் வேலை எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லி எழுதினார். எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனார். கதவைத் தட்டினார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு உள்ளே போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தார்.

மனதை உருக்கும் கடிதம்தான். ஆனால் ஆளின் மேஜையில் சிவப்புக் கொடி இருக்கிறது. ஒன்றா இரண்டா, மேஜையே தெரியவில்லை. அத்தனை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? கெடு என்ன ஆகும்? இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே. வருத்தத்துடன் மறுப்பதாக ஓரத்தில் எழுதினார். மறுப்பவர் கொஞ்சம் ஆறுதலும் சொல்ல வேண்டும் என்பதால், "தங்கள் சகோதரி விரைவில் நலம்பெற வாழ்த்துகள்" என்று சேர்த்தார்.

தன் மேஜைக்குத் திரும்பி வந்து அதை இரண்டு முறை படித்தார். எழுதியவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவரும் பாவம் என்ன செய்வார்? மேல்முறையீடு செய்யலாம் என்று தோன்றியது. இயக்குநரின் அறைக்கு மாடிப்படி ஏறினார். இயக்குநரின் நாற்காலி மெத்தென்று இருந்தது. கீழே ஒரு பொறுப்பான அதிகாரி யோசித்துச் சொன்னதை மாற்றினால் நிர்வாகம் என்ன ஆகும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டென்று விளங்கியது. கீழே இறங்கி வந்தார். பொழுது சாய்ந்தது. ஊருக்குப் போகிற வண்டி போயிருக்கும்.

புதன்கிழமை காலை கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கூட்டத்தின் நடுவே எடுக்கக் கூடாது. ஆனால் தொலைபேசியை எடுப்பவரும் அவரே என்பதால் எடுத்தார்.

"எங்கடா இருக்க?" அக்காவின் குரலுக்குப் பின்னால் சக்கர வண்டிகள் உருள்கிற சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.

"ஆபீஸ்லக்கா."

"நேத்து சாயங்காலம் வந்துடுவேன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். வரல. சரி, காலைல நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவேன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில அம்மாவையும் தூக்கிப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். வேற எங்க விடறது? இங்கதான் சக்கர நாற்காலியில உக்கார வெச்சிருக்கேன். எனக்கு முன்னால இன்னும் ஒரே ஒருத்தர். சொட்டு மருந்து விட்டுட்டாங்க, இப்பவே ஒண்ணும் தெரியல."

"தம்பி வந்துட்டானா?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"வந்துட்டிருக்கான்மா," என்றாள் அக்கா, தொலைபேசியைக் கொஞ்சம் விலக்கி. பிறகு தாழ்ந்த குரலில், "இப்போ கிளம்பினாலும் மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் நர்ஸ் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல முடியாதாம். கிளம்பிடு."

"அக்கா, கொடி இன்னும்..."

"கொடியைத் தூக்கிக் குப்பையில போடு."

"அப்படி இல்லக்கா. சுமை சமனா இல்லாதப்போ கிளம்பினா அது ஓய்வு ஆகாது. வெறும் வராமைதான்."

சக்கர வண்டி ஒன்று உருண்டு போய் ஓய்ந்தது.

"இது யாரு பேசறது?" என்றாள் அக்கா.

"நான்தான்கா."

"உன் குரல் மாதிரி இல்லையே. சரி, உன் தலைவர்கிட்ட போனைக் குடு. நானே கேக்கறேன்."

"அவர் லீவுல போயிட்டாரு. அவர் பொறுப்பு எங்கிட்டதான் இருக்கு."

"அவருக்கு மேல?"

"இயக்குநர். அவரும் போயிட்டாரு. அதுவும் எங்கிட்டதான்."

"வேற யாரு இருக்கா அங்க?"

படக்காரர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"யாரும் இல்லக்கா."

"நீ லீவு கேட்டியா?"

"கேட்டேன். எழுதியே குடுத்தேன். மேலயும் போய்ப் பாத்தேன். முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அங்கே யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்," என்றாள். நாற்காலி நகர்ந்தது. தொலைபேசியை அவள் இன்னும் வைக்கவில்லை.

"இருக்கறது நீ ஒருத்தன். அப்போ, முடியாதுன்னு சொன்னது யாருடா?"